முகாமைப் பார்த்துச் சேர்த்தேன், செவ்வாய்க்கிழமைக்காகத் தொடர்ந்தேன்

விளம்பரத் தாளின் அட்டையில் ஒரு பையன் பாறையிலிருந்து ஏரிக்குள் குதித்துக்கொண்டிருந்தான். கால்கள் அந்தரத்தில், சிரிப்பு காது வரை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான், தடம் மாறக்கூடிய பையன்களுக்கு வாராந்தர வழிகாட்டியும் கோடை முகாமும் ஏற்பாடு செய்யும் இந்த அமைப்பில் என் அண்ணன் மகனைச் சேர்த்தேன். அப்போது அவனுக்கு 10 வயது. இப்போது 15 ஆகப் போகிறது. ஐந்து கோடைகள் போய்விட்டன. இந்த ஐந்திலும் அவன் எந்தப் பாறையிலிருந்தும் எந்த ஏரிக்குள்ளும் குதிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் எந்த முகாமில் எடுத்தது என்று ஒருமுறை அவர்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் 22 வருடங்களாக இருக்கிறேன். ரசீது இல்லாத செலவை நம்பாத புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆகவே இந்த மதிப்பீடு சற்றுக் கறாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பையன் என்னிடம் வந்தது 8 வயதில். அவன் அப்பா எங்கே இருக்கிறார், ஏன் அங்கே இருக்கிறார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை அறிந்தவர்கள் பையனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அறியாதவர்களும் நான்கு நாள் அவனோடு பழகினால் அப்படித்தான் பார்ப்பார்கள். பள்ளியில் கைகலப்பு, வகுப்புக்குப் போகாமல் சுற்றுவது, ஏன் என்று கேட்டால் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருப்பது. இதுதான் அன்றைய நிலவரம். அமைப்பின் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: ‘இடர் நிலை’, 1 முதல் 5 வரை. பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 3 என்று எழுதினேன். 4 என்று போட்டிருந்தால் சீக்கிரம் இடம் கிடைத்திருக்கும் என்று காத்திருப்பு அறையில் ஒரு அம்மா பிறகு சொல்லிக்கொடுத்தார்.

சேவை இரண்டு பகுதியாக இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் வந்து பையனோடு இரண்டு மூன்று மணி நேரம் இருப்பார். தாளில் ‘வழிகாட்டி’ என்று போட்டிருக்கிறார்கள். பையன்கள் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோடையில் பத்து நாள் மலைக்காட்டில் முகாம்: கூடாரம், நெடுநடை, துடுப்புப் படகு, கயிறு கட்டிப் பாறை ஏறுவது, இரவில் விறகு பொறுக்கித் தீ மூட்டுவது. 18 வயது வரை தொடரலாம். கட்டணம் கிடையாது. இலவசமாகக் கிடைப்பதைப் போய்க் குறை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: நான் அவர்களிடம் பணத்தைக் கொடுக்கவில்லை, பையனைக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வந்த வழிகாட்டி கல்லூரியை முடித்த கையோடு வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல பேச்சு, கையில் எப்போதும் ஏதாவது பரிசு. இரண்டாம் வாரமே ஒரு அட்டவணை கொண்டுவந்தார். ‘மூன்று மாதத்தில் எட்ட வேண்டிய இலக்குகள்’ என்று தலைப்பு. கோபத்தை அடக்குவது ஒன்று, கணக்கில் மதிப்பெண் கூட்டுவது இன்னொன்று, இப்படி எட்டு. எனக்கு அந்த அட்டவணை மிகவும் பிடித்திருந்தது. என் தொழில் அப்படி. சமையலறைக் கதவில் நானே ஒட்டிவைத்தேன். பையன் அதைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நான்கு மாதம் வந்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஐந்து மணிக்கு வாசலில் போய் நின்ற பையன் ஏழு மணிக்கு உள்ளே வந்து, “அத்தை, அவருக்கு ஏதோ வேலை போலிருக்கிறது” என்றான். அடுத்த செவ்வாய் ஆறு மணிவரை நின்றான். அதற்கடுத்த செவ்வாய் வாசலுக்கே போகவில்லை. மறுநாள் அமைப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது: தனிப்பட்ட காரணங்களால் வழிகாட்டி விலகிவிட்டார், விரைவில் மாற்று ஏற்பாடு செய்யப்படும். மூன்று வாரம் கழித்து, அச்சடித்த கடிதம். அதுவும் என் பெயருக்கு. பையன் பெயருக்கு ஒரு வரி கூட இல்லை. அட்டவணையை அன்றிரவு அவன் கிழித்தான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அந்த ‘விரைவில்’ ஐந்து மாதம் நீடித்தது. அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல முதல் முகாமுக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டும்.

முதல் முகாமிலிருந்து பையன் கறுத்து, மெலிந்து, கொசுக்கடியோடு, சந்தோஷமாகத் திரும்பி வந்தான். எனக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து என் பீரோவின் பூட்டு சாவியில்லாமல் திறந்துகிடந்தது. எதுவும் திருடு போகவில்லை. திறக்க முடிகிறதா என்று பார்த்தானாம். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். முகாமில் அதே கூடாரத்தில் இருந்த, அவனைவிட இரண்டு வயது மூத்த பையன். தகரத் துண்டை எப்படி வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று என் பையன் எனக்கு விளக்கியபோது குரலில் இருந்த தேர்ச்சியைக் கேட்டு, இதே பொறுமையோடு கணக்கையும் யாராவது இவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. பயம் பிறகுதான் வந்தது. வழிகாட்டி வராமல் போன அந்த ஐந்து மாதம் முழுக்க முகாமில் சேர்ந்த மூன்று பையன்கள்தான் அவனுக்குத் துணை. ஒரே வகையான ஆறேழு பையன்களை ஒரே கூடாரத்தில் போட்டு, ஓரமாக ஒரு தொண்டரை உட்காரவைத்தால், யார் யாருக்கு வழிகாட்டுவார்கள்?

அப்போதுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பழைய ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களிலிருந்து 506 பையன்கள். பாதிப் பேருக்கு ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு, மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் உண்டு. மீதிப் பாதிக்கு எதுவும் கிடையாது. 1939 முதல் 1945 வரை நடந்தது. ஒவ்வொரு பையனுக்கும் சராசரியாக ஐந்தரை வருடம் உதவி கிடைத்திருக்கிறது. கிட்டத்தட்ட என் பையனுக்குக் கிடைத்திருக்கும் அளவு. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தப் பையன்களை, அப்போது நடுவயது ஆண்களை, தேடிப் பிடித்தார். 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாகவே இருந்தார்கள்: குடி, மனநோய், மறுபடி மறுபடி குற்றம், இள வயதுச் சாவு. பிறகு 1999-இல் மெக்கார்டும் வேறு இருவரும் சேர்ந்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். யாருக்கு அதிகக் கெடுதல் நடந்திருந்தது தெரியுமா? ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன்களுக்கு. தறுதலைத்தனத்தைப் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, சிரித்து, மெச்சி வளர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட காரணம். திறந்துகிடந்த பீரோ எதிரில் இருக்க, நான் அதைப் படித்தேன்.

அந்தக் கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு அமைப்பின் அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பாளர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டார். மறுக்கவில்லை. அடுத்த முகாமிலிருந்து ஆட்களைக் கலக்கப் போகிறோம், கூடாரத்துக்கு நான்கு பேர்தான், அதில் இரண்டு பேர் எந்தப் பிரச்சினையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், ஒவ்வொரு பையனின் வழிகாட்டியும் குறைந்தது ஐந்து நாள் முகாமில் தங்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருப்பதாகச் சொன்னார். நான் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று பெருமையடிக்க ஆசைதான். ஆனால் அவர் காட்டிய தீர்மானத் தாளில் தேதி எனக்கு முந்தையது. சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முதல் முகாமே அப்படித்தானாம்: 1907-இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவுக்கு அழைத்துப்போன இருபது சொச்சம் பையன்களில் வசதியான பள்ளிகளின் மாணவர்களும் உண்டு, உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்த விஷயம் முதல் வருடம் ஏன் தெரியாமல் போனது என்று கேட்டேன். அதற்கும் தண்ணீர்தான் கொடுத்தார்.

இனி இரண்டாமவர். முதலாமவர் போய் ஐந்து மாதம் கழித்து வந்தார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், முப்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. பரிசு கிடையாது. வரும்போது ஒரு பழைய சைக்கிளில் வருவார், எங்கள் வாசலுக்கு வருவதற்குள் அதன் சங்கிலி கழன்றிருக்கும். படியில் உட்கார்ந்து மாட்டுவார். விரலெல்லாம் மசகு. மாட்டியதும் பெடலைச் சுற்றிப் பார்ப்பார், மறுபடி கழன்றுவிடும். பையன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான், வெளியே வரமாட்டான். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, “தம்பி, அவன் இன்றைக்கும் பேசமாட்டான் போலிருக்கிறது” என்பேன். “பரவாயில்லை அக்கா, நான் ஏழு மணிவரை இருக்கிறேன்” என்பார். சொன்னபடி ஏழு மணிவரை படியில் இருப்பார். பிறகு பணிக்குப் போவார். இப்படி ஆறு வாரம்.

ஏழாவது வாரம் கதவு திறந்தது. பையன் வெளியே போய் எரிச்சலோடு, “சங்கிலியை மாட்டினால் மட்டும் போதாது, தொய்ந்துபோயிருக்கிறது. பின்சக்கர நட்டைத் தளர்த்துங்கள், சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள்” என்றான். என்னிடம் ஒரு மாதத்தில் பேசியதைவிட அது அதிகம். இருவருமாகக் கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்தார்கள். சக்கரம் கோணலாக நின்றது. மறுபடி தளர்த்தி மறுபடி முடுக்கினார்கள். இருட்டியபின் நான் விளக்குப் பிடித்தேன். இவர் வேண்டுமென்றேதான் ஆறு வாரம் அந்தச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார், என்ன சாமர்த்தியம் என்று எனக்குள் ஒரு மரியாதை. ஒரு வருடம் கழித்து அதை அவரிடமே சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, “இல்லை அக்கா, எனக்கு நிஜமாகவே தெரியாது” என்றார்.

என் குறிப்பேட்டில் இருக்கும் கணக்கு இது. அவர் முதலில் வந்த நாளிலிருந்து போன வாரம் வரை 203 செவ்வாய்க்கிழமைகள். வந்தது 181. வராத 22-இல் 19 முறை முந்தைய நாளே பையனுக்குத் தகவல் வந்திருக்கிறது, எனக்கல்ல, பையனுக்கு. மீதி மூன்றில் ஒரு முறை அவருக்கே காய்ச்சல், இரண்டு முறை மருத்துவமனையில் அவசரம். அந்த மூன்று தடவையும் அடுத்த வாரம் வந்ததும் பையனிடம் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவன் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான்.

அவர்கள் செய்வதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. நூலகம் போவார்கள், பந்து உதைப்பார்கள், சில நாள் படியில் உட்கார்ந்து சும்மா இருப்பார்கள். படிப்பைப் பற்றி அவராகக் கேட்டதில்லை. எனக்கு இது முதலில் சோம்பலாகப் பட்டது. பிறகுதான் தெரிந்தது, 1995-லேயே ஓர் ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறது: பையனைச் சீர்திருத்தும் பட்டியலோடு வருகிற வழிகாட்டிகளின் உறவு பெரும்பாலும் பாதியில் அறுந்துபோகிறது, பையன் போக்கில் போய்ப் பழகுகிறவர்களின் உறவுதான் நிலைக்கிறது. நான் கதவில் ஒட்டிவைத்த அந்த அட்டவணையின் மேல் இப்போதும் எனக்குக் கூச்சம் உண்டு.

கால அளவுக்கும் கணக்கு இருக்கிறது. 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கூல்டர், தன் கண்ணெதிரே பையன்கள் வரிசையாகக் கூண்டுக்கு வந்து போவதைப் பொறுக்காமல், ஆளுக்கு ஒரு பையனை ஏற்றுக்கொள்ளும்படி தெரிந்த ஆண்களைக் கேட்டுத் தொடங்கிய முயற்சிதான் பிற்பாடு ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று வளர்ந்தது. 1995-இல் அந்த அமைப்பின் எட்டுக் கிளைகளில் 10 முதல் 16 வயது வரையான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒன்றரை வருடம் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. வழிகாட்டி கிடைத்தவர்களில் போதைப்பொருளைத் தொடங்குகிறவர்கள் 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவது ஏறக்குறைய பாதி. அடிதடி மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதைத்தான் எல்லா அமைப்புகளும் விளம்பரத் தாளில் போடுகின்றன. போடாதது இன்னொன்று: 2002-இல் கிராஸ்மேன், ரோட்ஸ் என்ற இருவர் இந்தத் தரவையே கால அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பலன் நிறைய. மூன்று மாதத்துக்குள் முறிந்தவர்களிடம் தன்மதிப்பு இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. முதலாமவர் அந்த மூன்றை ஒரு மாதம்தான் தாண்டினார், நான்கு மாதம் வந்தார் என்று சொன்னேன் அல்லவா?

இதை வைத்துத்தான் அலுவலகத்தோடு எனக்கு இன்றுவரை தகராறு. வழிகாட்டிகள் எல்லோரும் தொண்டர்கள், நாங்கள் யாரையும் கட்டிப்போட முடியாது என்கிறார்கள். 1993-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் த சில்ட்ரன்’ என்ற அமைப்பு வழிகாட்டிகளை முழுநேரச் சம்பளத்தில் அமர்த்துகிறது. ஒரு பிள்ளையைச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டு 12 வருடத்துக்கு விடுவதில்லை. அந்த வசதி இங்கே இல்லை என்பது புரிகிறது. ஆனால் விலகுகிறவர் ஒருமுறை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று விதி போடுவதற்குச் சம்பளம் எதற்கு? மூன்று வருடம் கேட்டபின் போன வருடம்தான் அந்த விதி வந்தது. விலகும் வழிகாட்டி குறைந்தது இரண்டு சந்திப்புகளாவது முன்னதாகச் சொல்ல வேண்டும், கடைசிச் சந்திப்பை நேரில் நடத்த வேண்டும். இந்தச் சேவையில் நான் மனதாரப் பாராட்டும் ஒரே தாள் அது.

முகாமுக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் பெற்றோர் நாளுக்குப் போயிருந்தேன். இயக்குநர் நீளமாகப் பேசினார். கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவனத்துக்காரரும் 1941-இல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, மலையும் மழையும் பையன்களை மனிதர்களாக்கும் என்று முடித்தார். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கினால் தாக்குப்பிடிக்க வேண்டிய இளம் மாலுமிகளுக்காகத் தொடங்கியது அந்தப் பள்ளி. என் பையன் கப்பலில் போகவில்லை. மழையில் நனைந்தால் குணம் வரும் என்றால் ஒழுகுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மகான்கள் ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் பேச்சு முடிந்து பாறைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பார்த்ததை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஏறுகிறவன் இடுப்பில் வார். அதிலிருந்து மேலே போகும் கயிறு உச்சியில் ஒரு வளையத்தில் திரும்பிக் கீழே இறங்கி, தரையில் நிற்பவனின் இடுப்பில் உள்ள கருவி வழியாக அவன் கைக்கு வருகிறது. ஏறுகிறவன் ஓர் அடி ஏறினால் கீழே இருப்பவன் ஓர் அடி கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கும் கை ஒரு நொடிகூடக் கயிற்றை விட்டு எழக் கூடாது. அவனுக்குப் பின்னால் பயிற்சியாளர் ஒருவர் கயிற்றின் வாலைப் பிடித்து நிற்பார், அது காப்புக்கு. அன்றைக்குக் கீழே நின்றது என் பையன். மேலே ஏறிக்கொண்டிருந்தது, பூட்டுத் திறக்கச் சொல்லிக்கொடுத்த அதே பையன்.

முக்கால் உயரத்தில் அவன் உறைந்துபோனான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாறையில் ஒட்டிய பல்லிபோல இருந்தான். கால் நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. பிறகு திட்டத் தொடங்கினான்: பாறையை, பயிற்சியாளரை, என் பையனை, என் பையனின் அப்பாவையும். என் வயிறு கலங்கியது. பள்ளியில் இதில் பாதிக்கே ஒருவன் மூக்கை இவன் உடைத்திருக்கிறான். இவன் எதுவும் பேசவில்லை. அண்ணாந்த கழுத்தைத் தாழ்த்தவும் இல்லை. கயிறு தொய்ந்தபோது இழுத்தான். இல்லாதபோது பிடித்துக்கொண்டு நின்றான். கடிகாரத்தைப் பார்த்தேன், 12 நிமிடம். யாரும் அவனுக்கு எதுவும் கத்திச் சொல்லவில்லை, பயிற்சியாளரும்கூட. கடைசியில் மேலே இருந்தவன் ஒரு வார்த்தை சொன்னான்: “இறக்கு.” இவன் இறக்கினான். மெதுவாக, அவன் கால் தரையைத் தொடும்வரை.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு வேறு பக்கம் போனார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுத நான் தயாரில்லை. இவன் மட்டும் என்னிடம் வந்து உள்ளங்கையைக் காட்டினான், குறுக்கே ஒரு சிவந்த கோடு. “கையுறை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே” என்றேன். அதைத் தவிர வேறு சொல் அப்போது எனக்கு வரவில்லை. அன்று முகாமுக்கு வந்திருந்த செவிலியர் தம்பி மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை படியில் உட்கார்ந்து அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முகாமில் நடந்தது என்ன என்று அவனோடு பேச அந்த ஒரு செவ்வாய் இல்லாமல் போயிருந்தால், அந்தப் பாறை அவனுக்கு விளம்பரத் தாளின் ஏரியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. இந்தத் துறையில் ஏமாற்றுக்காரர்கள் உண்டு, அதைவிட ஆபத்தான முரடர்களும் உண்டு. அடங்காத பிள்ளைகளைத் திருத்துவதாகச் சொல்லிக் காட்டிலும் பாலையிலும் நடத்தப்பட்ட தனியார் முகாம்களில் நேர்ந்த மரணங்களை அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2007-இல் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. என் தொழில்காரர்கள் எழுதியது என்பதால் முழுக்கப் படித்தேன். பிள்ளைகள் தாகம், மயக்கம் என்று சொன்னபோது, நடிக்கிறார்கள் என்று நினைத்து நடக்கவைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் நான் கேட்கும் முதல் கேள்வி: நடக்கமாட்டேன் என்று ஒருவன் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இங்கே கிடைத்த பதில்: “ஒருவர் அவனோடு உட்கார்ந்துகொள்வார், நிழலும் தண்ணீரும் முதலில், விசாரணை பிறகு.” பதில் சரி. ஆனால் முதல் வருடம் பையனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்ததை அவன் வீட்டுக்கு வந்தபிறகு அவன் வாயால்தான் தெரிந்துகொண்டேன். இப்போது 38 டிகிரியைத் தாண்டினால் வீட்டுக்கு அழைப்பு வருகிறது. பத்து நாளும் கைப்பேசியைப் பூட்டிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆறாம் நாளிலிருந்து அவன் நன்றாகத் தூங்குகிறான்.

மற்ற குறைகள். முதல் வருடம் கொடுத்த பனியனின் முதுகில் ‘நாளைய நம்பிக்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பையன் பத்து நாளும் அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தான். நன்கொடையாளர்களுக்கான ஆண்டறிக்கையில் பையன்களின் முகம் தெரியும்படி படம் போடுகிறார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் நிறுத்துகிறார்கள், ஆனால் எழுதிக்கொடுக்கலாம் என்பதை அவர்களாகச் சொல்வதில்லை. பாதுகாவலர் கூட்டம் எப்போதும் வேலை நாள் காலை 11 மணிக்கு. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை, இவனைவிட மோசமான நிலையில் இருப்பவள், தனக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முதல் வருடம் பள்ளியிலிருந்து மூன்று முறை இடைநீக்கம், இரண்டாம் வருடம் இரண்டு, பிறகு ஒன்று, கடைசி இரண்டு வருடம் இல்லை. கணக்கு மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாகப் பொய் சொல்வதும் அப்படியே. இடைநீக்கம் குறைந்ததற்கு அமைப்பு காரணமா, வயது காரணமா, மூன்றாம் வருடம் வந்த நல்ல வகுப்பாசிரியை காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க என் வீட்டில் இன்னொரு பையன் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்கார்ட் தேடிப் பிடித்த அந்த ஆண்களிடம், அந்த உதவி உங்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். சிலர் நெகிழ்ந்து பேசினார்கள். கணக்கு வேறு மாதிரி சொன்னது. ஆகவே சேர்ந்தவர்களின் நெகிழ்ச்சியான மதிப்பீடுகளைப் படித்து முடிவு செய்யாதீர்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் போய், உங்கள் வழிகாட்டிகள் சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார்கள், விலகினால் யார் வந்து சொல்வார்கள், கூடாரத்தில் யாரோடு யாரைப் படுக்கவைக்கிறீர்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் படத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதிப்பெண்: வாராந்தரச் சந்திப்புக்கு ஐந்துக்கு நாலரை, அதுவும் இரண்டாமவருக்கு மட்டும். முகாமுக்கு மூன்றரை. அலுவலகத்துக்கு இரண்டு, விலகும் விதிக்காக அரை கூட்டி இரண்டரை.

அடுத்த கோடையில் 15 முடிந்த பையன்கள் உதவியாளர்களாகப் போகலாம். படிவம் வந்துவிட்டது. சேர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: கொண்டுவர வேண்டிய பொருள் பட்டியலில் காலுறை இரண்டு ஜோடி என்று இருக்கும். ஆறு ஜோடி அனுப்புங்கள். நான்கு திரும்பி வரும், அதில் ஒன்று வேறு யாருடையதாகவோ இருக்கும்.